மின்சாரம் நம் வீட்டுக்கு வருவது எப்படி?

எதிர் வீட்டில் விளக்கு எரிகிறது. அடுத்த வீட்டில் மின்விசிறி சுற்றுகிறது. நம் வீட்டில் மட்டும் இருட்டு!

"கரண்ட் பில் ஒழுங்காகக் கட்டியாகிவிட்டதே. நமக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று வீட்டு அம்மாள் கேட்கிறார். வீட்டுக்காரர் பியூசை உருவிப் பார்க்கிறார். அது நன்றாகவே இருக்கிறது. வெளியே வந்து பார்த்தால், அதே தெருவில் இன்னும் நாலைந்து வீடுகள் இருட்டாகக் கிடக்கின்றன.

இதற்குக் காரணம் தெரு முனையில் இருக்கிறது. அது என்ன என்று புரிய வேண்டுமானால், மின்சாரம் வரும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலையில் இருந்து...

நீலகிரி மலையில் பைக்காரா என்று ஓர் ஆறு ஓடுகிறது. அந்தத் தண்ணீரைக் குழாய் வழியாக ஏறத்தாழ 3,000 அடி கீழே பாயவிட்டு, அந்த வேகத்தில் சக்கரங்களைச் சுழல வைத்து மின்சாரம் எடுத்தார்கள். இது 1932-ம் ஆண்டில் நடந்தது. கோவையில் பஞ்சாலைகள் பெருகியதற்கு இந்த மின்சாரம் ஒரு பெரிய காரணம். 1937-ல் மேட்டூர் அணையின் மின்சாரம் வந்தது. 1962-ல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். பிறகு கல்பாக்கம் அணு மின்சாரம், காற்றாலை, சூரிய ஒளி என்று ஒவ்வொன்றாக வந்தன.

இவை எல்லாம் இன்று ஒரே தொடராகப் பின்னிக் கிடக்கின்றன. 2013-ம் ஆண்டின் கடைசி நாளில் தென்மாநிலங்களின் தொடர், நாட்டின் மற்றப் பகுதிகளின் தொடரோடு சேர்ந்தது. ஆகவே, நம் வீட்டில் எரிவது எந்த ஊர் மின்சாரம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஏரியில் பத்து வாய்க்கால் வந்து விழுந்த பிறகு, எது எந்த வாய்க்கால் தண்ணீர் என்று யார் சொல்ல முடியும்?

வோல்ட் என்றால் என்ன?

மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டி உயரத்தில் இருந்தால் குழாயில் தண்ணீர் வேகமாக விழும். அந்த அழுத்தம் போன்றதுதான் வோல்ட். குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது போன்றது ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் வருவது வாட்.

கம்பியில் ஆம்பியர் கூடினால் கம்பி சூடாகும். ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். அந்தச் சூடு அத்தனையும் நஷ்டம்.

ஓர் ஊரில் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் 100 ஒரே நேரத்தில் வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். அதற்கான மின்சாரத்தை 230 வோல்டில் அனுப்பினால் 435 ஆம்பியர் ஓட வேண்டும். அதையே 11,000 வோல்டில் அனுப்பினால் 9 ஆம்பியர் போதும்! அதே கம்பியில் போனால் நஷ்டம் 2,000 மடங்குக்கு மேல் குறைகிறது.

அமெரிக்காவில் எடிசன் 1882-ம் ஆண்டு நியூயார்க் நகரில் மின்சாரம் வழங்கினார். அது 110 வோல்ட் மின்சாரம். அதனால் ஒரு மைல் தூரத்துக்கு மேல் அனுப்ப முடியவில்லை. அது ஒரே திசையில் ஓடும் மின்சாரம் ஆகையால், அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் அன்று சுலபமான வழி இல்லை. திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்துக்கு அந்த வழி உண்டு. அதுதான் டிரான்ஸ்பார்மர். இன்று நாம் பார்க்கும் டிரான்ஸ்பார்மரின் முன்னோடியை 1885-ல் ஹங்கேரி நாட்டு இன்ஜினீயர்கள் மூன்று பேர் செய்து காட்டினார்கள்.

இரும்புத் தகடுகளைச் சேர்த்த ஒரு சட்டம். அதில் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்றில் சுற்று அதிகம். மற்றொன்றில் சுற்று குறைவு. சூடு தணிய எண்ணெய். டிரான்ஸ்பார்மர் என்பது இவ்வளவுதான்! ஒரு பக்கம் 11,000 வோல்ட் கொடுத்தால் மறுபக்கம் 400 வோல்ட் வரும்.

மின் நிலையத்தில் இருந்து புறப்படும்போது அழுத்தத்தை 1,10,000 வோல்ட், 2,30,000 வோல்ட், 4,00,000 வோல்ட் என்று ஏற்றிவிடுகிறார்கள். வயல் நடுவே பெரிய இரும்புக் கோபுரங்கள் தாங்கி நிற்கும் கம்பிகளில் போவது அதுதான். ஊர் அருகே உள்ள துணை மின் நிலையத்தில் அதை 33,000, 22,000, 11,000 என்று இறக்குகிறார்கள். தெரு முனை டிரான்ஸ்பார்மர் கடைசிப் படி.

தெருவில் ஐந்து கம்பி

தெருப் போஸ்டை நிமிர்ந்து பாருங்கள். பல ஊர்களில் ஐந்து கம்பிகள் போகும். மூன்று பேஸ் கம்பிகள். ஒன்று நியூட்ரல். மற்றொன்று தெருவிளக்குக் கம்பி. இரண்டு பேஸ்களுக்கு இடையே 400 வோல்ட். ஒரு பேசுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். சாதாரண வீட்டுக்கு ஒரு பேசும் நியூட்ரலும் வருகின்றன. முதல் வீட்டுக்கு ஒரு பேஸ், அடுத்த வீட்டுக்கு வேறு பேஸ் என்று பாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள்.

டிரான்ஸ்பார்மர் அருகே ஒவ்வொரு பேசுக்கும் தனி பியூஸ். அதில் ஒன்று போனால், அந்தப் பேசில் உள்ள வீடுகள் மட்டும் இருளும். எதிர் வீட்டில் விளக்கு எரிந்த ரகசியம் இதுதான்!

சில நேரம் விளக்கு அணையாமல் மங்கி எரியும். டிரான்ஸ்பார்மருக்கு வரும் உயர் அழுத்தக் கம்பி ஒன்று போயிருக்கலாம். அப்போது குளிர்பதனப் பெட்டியையும் மோட்டாரையும் நிறுத்திவிடுங்கள். இல்லையேல் சுருள் கருகும்.

இதைவிட மோசமானது நியூட்ரல் அறுந்து போவது. சில வீடுகளில் விளக்கு மங்கும். சில வீடுகளில் கண்ணைப் பறிக்கும். 230 வோல்டுக்குச் செய்த சாமான்களுக்கு 300 வோல்டுக்கு மேல்கூடப் போய்விடும். உடனே மெயினை நிறுத்துங்கள்.

பியூஸ் யாருக்குக் காவல்?

"பியூஸ் இருக்கிறதே, ஷாக் அடித்தால் அது போய்விடும்" என்று படித்தவர்களே நம்புகிறார்கள். இது தவறு. பியூஸ் காப்பது கம்பியை. மனிதனை அல்ல! 5 ஆம்பியர் பியூஸ் உருகுவதற்கு 5 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். மனிதன் உயிர் போக அதில் நூறில் ஒரு பங்குகூடப் போதும்.

ஆளைக் காப்பது இரண்டு. ஒன்று, ஒழுங்கான எர்த். மற்றொன்று, எர்த் வழியாகவோ நம் உடம்பு வழியாகவோ கசியும் மின்சாரத்தைக் கண்டுபிடித்து நொடியில் நிறுத்தும் கருவி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் நிறுத்தும் கருவி என்று கடையில் கேட்டு வாங்க வேண்டும். ஆயிரக்கணக்கில் செலவு செய்து அலங்கார விளக்கு மாட்டுகிறவர்கள், இதற்கு மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள்!

மழைக் காலத்தில் கம்பி அறுந்து விழுகிறது. மண் காய்ந்திருந்தால் அதன் வழியாக அதிக மின்சாரம் ஓடாது. ஆகவே பியூஸ் போகாது. கம்பி உயிரோடு கிடக்கும். 30 அடி தள்ளி நில்லுங்கள். அருகில் அகப்பட்டுக்கொண்டால் எட்டு வைத்து ஓடாதீர்கள். இரண்டு காலையும் சேர்த்தபடி, தரையோடு உரசி நகருங்கள். தமிழ்நாட்டில் மின்னகம் என்ற புகார் மையம் 2021-ல் தொடங்கியது. அதன் எண் 94987 94987.

ஜெனரேட்டர் எமன்

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. டிரான்ஸ்பார்மருக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற பேதம் இல்லை. 11,000 கொடுத்தால் 400 தரும். 400 கொடுத்தால் 11,000 தரும்!

கல்யாண வீட்டில் மின்சாரம் நின்றுவிடுகிறது. வாடகைக்கு ஜெனரேட்டர் வருகிறது. அவசரத்தில் மெயினை நிறுத்தாமல் வீட்டு வயரில் இணைத்துவிடுகிறார்கள். 230 வோல்ட் தெருக் கம்பிக்குப் போகிறது. அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்குப் போய், மறுபக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்டாக ஏறுகிறது. அங்கே போஸ்ட் மேல், "லைனை நிறுத்தியாகிவிட்டது" என்ற நம்பிக்கையில் ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கிறார்.

இதற்காகவே லைன்மேன்கள் ஏறுவதற்கு முன் சுவிட்சைத் திறந்து, பூட்டி, கம்பிகளை எர்த் ராடால் மண்ணோடு இணைத்துவிட்டு ஏற வேண்டும் என்பது விதி. எங்கிருந்து மின்சாரம் திரும்பி வந்தாலும் அது மண்ணுக்குப் போய்விடும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஜெனரேட்டர் வைப்பவர்கள் மாற்று சுவிட்ச் போட வேண்டும். கைப்பிடி ஒரு பக்கம் இருந்தால் தெரு மின்சாரம் வரும். மறுபக்கம் தள்ளினால் ஜெனரேட்டர் மின்சாரம் வரும். நடுவில் நின்றால் எதுவும் வராது. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க அதில் வழியே கிடையாது.