வெயிலை வேலைக்கு வைத்த கோவில்பட்டி

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் பஸ் கோவில்பட்டியில் நின்றும் நிற்காததுமாக ஜன்னலோரம் கடலை மிட்டாய்ப் பாக்கெட்டுகள் நீளும். இந்த ஊருக்கு வந்துபோகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. விசேஷ வீட்டுக்குப் போனாலும், சென்னையில் படிக்கும் பிள்ளையைப் பார்க்கப் போனாலும் பையில் ஒரு கிலோவாவது ஏறிவிடும். கடைக்கு வருகிறவர்கள் "அண்ணாச்சி, இன்னைக்குப் போட்டதா?" என்று கேட்டுவிட்டுத்தான் விலையே விசாரிப்பார்கள்.

தூத்துக்குடி மாவட்டத்தின் வடமேற்கில் கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிறது கோவில்பட்டி. ஊரை ஒட்டி வற்றாத ஆறு கிடையாது. குடிக்கிற தண்ணீரே தாமிரபரணியிலிருந்து குழாய் வழியாக வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைதான் வெள்ளாமைக்குக் கதி. அது பொய்த்துப்போன வருஷங்கள் ஏராளம். அடைமழையில் காலில் அப்பிக்கொண்டு நடக்க விடாத மண், சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். விவசாயத்தை மட்டும் நம்பியிருந்தால் பாதி ஊர் பிழைப்பு தேடிக் கிளம்பியிருக்கும். காற்றில் ஈரம் கம்மி என்பதையே முதலாக்கிக்கொண்டார்கள் இந்த ஊர்க்காரர்கள். மிட்டாய் சீக்கிரம் நமுத்துப்போகாது. தீக்குச்சி சீக்கிரம் காயும். ஊரின் பெரிய தொழில்கள் இரண்டுக்கும் இந்தக் காய்ந்த காற்று கைகொடுத்தது.

முதலில் மிட்டாய். கருப்பட்டிப் பாகில் கடலையைப் போட்டுப் பிடித்துத் தின்பது கரிசல் கிராமங்களின் திருவிழாப் பண்டம். அதைக் கடைச்சரக்காக்கியவர் என்று ஊரே கைகாட்டுவது பொன்னம்பல நாடாரை. 1940களில் தன் மளிகைக் கடையில் போட்டு விற்க ஆரம்பித்தார். பிற்பாடு கருப்பட்டியின் இடத்தைக் கரும்பு வெல்லம் பிடித்துக்கொண்டது.

செய்முறையைக் கேட்டால் சுலபமாகத்தான் தெரியும். கடலையை வறுத்து, தோல் போக்கி, இரண்டாக உடைத்து, புடைத்துக் குருத்தைத் தள்ளிவிட வேண்டும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் காய்ச்ச வேண்டும். ஆனால் சூட்சுமமெல்லாம் பாகில் இருக்கிறது. அடுப்படியில் நிற்கிறவர் கொதிக்கிற பாகில் ஒரு சொட்டை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விடுவார். அது இறுகியதும் விரலால் எடுத்து ஒடிப்பார். வளைந்தால் இன்னும் கொதிக்க வேண்டும். 'டக்'கென்று முறிந்தால் பதம். ஒரு நிமிஷம் தப்பினால் கசப்பு ஏறிவிடும். பதம் வந்ததும் ஏலக்காய், சுக்கு சேர்த்து, கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் சாய்த்து, சூடு ஆறுவதற்குள் தேய்த்துப் பரப்பி, கோடு போட்டு வெட்டிவிட வேண்டும். மேலே ரோஸ், பச்சை, மஞ்சள் நிறத்தில் தேங்காய்த் துருவலைத் தூவுவதும் உண்டு. வில்லையில் கண்ணுக்குக் கடலைதான் தெரிய வேண்டும். பாகு அதைப் பிடித்து நிறுத்துவதற்கு மட்டும். பாகைக் கூட்டிக் கடலையைக் குறைத்த மிட்டாயை இந்த ஊர்க்காரர்கள் ஒரே கடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

உற்பத்தியாளர் சங்கம் 2014இல் விண்ணப்பித்த புவிசார் குறியீடு 2020 ஏப்ரலில் கிடைத்தது. ஊரடங்கால் கடைகள் அடைத்துக் கிடந்த சமயம் அது. பிறகு அஞ்சல் துறையும் மிட்டாயை வெளியூர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முன்வந்தது.

தீப்பெட்டியின் கதை இவ்வளவு இனிப்பானது அல்ல. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அந்தத் தொழில் சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று பரவியது. இங்கே அதை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, 'தீப்பெட்டி ஆபீஸ்'தான். குச்சி முனையிலுள்ள மருந்தில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் உரசினால்தான் நெருப்பு. மருந்தில் முக்கிய குச்சி நன்றாகக் காய்ந்தாக வேண்டும். மற்ற ஊர்களில் மழைமேகத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். தீப்பெட்டிக்காரர்களுக்கு அன்றைக்கு வேலை முடங்கும்.

கட்டையில் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, குச்சி அடைப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்களின் கைவேலை. இயந்திரங்கள் வந்த பிறகும் இந்த ஆபீஸ்களில் பெண்களே அதிகம். மழை பொய்த்த வருஷங்களில் எத்தனையோ வீடுகளில் உலை கொதித்தது அவர்கள் கூலியில்தான். அந்தக் கூலிக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு விடியுமுன்னே வண்டியேறிய குழந்தைகளையும் மறக்க முடியாது. பக்கத்து ஆண்டிபட்டியைச் சேர்ந்த எழுத்தாளர் பூமணி, அவர்கள் நிலைமையை 'கருவேலம் பூக்கள்' என்று படமாகவே எடுத்தார். இந்தத் தொழிலின் பெருமையைப் பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுவதுதான் நியாயம்.

25 பைசாவாக இருந்த தீப்பெட்டி 1995இல் 50 பைசா ஆனது. 2007இல் ஒரு ரூபாய். அதற்கப்புறம் 14 வருஷம் மூலப்பொருள் விலை ஏறியும் பெட்டி விலை ஏறவில்லை. 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. பெட்டிக்கு 36 குச்சி இருந்ததை 50 ஆக்கிக் கொடுத்தார்கள். அதற்குள் பிளாஸ்டிக் லைட்டர் எல்லாப் பெட்டிக்கடையிலும் தொங்க ஆரம்பித்துவிட்டது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023இல் மத்திய அரசு தடை போட்டது. தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது அது.

மானாவாரி மண்ணில் எழுத்து மட்டும் எப்படி இப்படி விளைந்தது என்பது தனி ஆச்சரியம். பக்கத்து இடைசெவல் கிராமத்தில் 1923 செப்டம்பரில், ஒரு வார இடைவெளியில் பிறந்தவர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். இருவருக்கும் சாகித்திய அகாதெமி விருது. பூமணிக்கு 2014இல், உருளைக்குடி சோ. தர்மனுக்கு 2019இல். ஒரு டவுன் பஸ் போய்வரும் தூரத்துக்குள் நான்கு பேர்! தர்மனுக்கு விருது வாங்கித் தந்த 'சூல்' நாவல் பேசுவதும் ஒரு கண்மாயைப் பற்றித்தான். கி.ரா. மறைந்த மறு வருஷமே, 2022இல், கோவில்பட்டியில் அவருக்கு நினைவரங்கம் திறந்தாயிற்று.

சாயங்காலமானால் ஊரின் பேச்சு ஹாக்கிக்கு மாறிவிடும். கிரிக்கெட் மட்டையோடு பையன்கள் அலையும் நாட்டில், இங்கே சைக்கிள் கேரியரில் ஹாக்கி மட்டையைச் செருகிக்கொண்டு போகிற பையனைப் பார்க்கலாம். 2022இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல் இருந்தார். அதே அணியில் ஆடிய அரியலூர் கார்த்தியும் இந்த ஊர் விளையாட்டு விடுதியில் தங்கிப் பயிற்சி எடுத்தவர்தான். லட்சுமி அம்மாள் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி நடக்கும் நாட்களில் வெளிமாநில அணிகள் வந்து இறங்கும். பெனால்டி கார்னர் கொடுத்தது சரியா தப்பா என்று டீக்கடையில் விவாதம் நடக்கும்.

ஆட்டம் நடப்பது செயற்கைப் புல்தளத்தில். அந்தத் தளம் காய்ந்திருந்தால் பந்து சீராக ஓடாது, விழுந்து சறுக்கும் ஆட்டக்காரனுக்குத் தோல் உரியும். அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் மைதானம் முழுக்கத் தண்ணீர் பீய்ச்சி நனைக்கிறார்கள். கடலை மிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் ஒத்தாசை செய்த வெயில் இந்த ஒரு இடத்தில் மட்டும் எதிராளி. கோடையிலும் அந்தத் தண்ணீருக்கு எப்படியோ வழி பண்ணிவிடுகிறார்கள்.