வட்டார மருத்துவ அலுவலர்: மருத்துவரா, அலுவலரா?

அரசு மருத்துவர் நிர்வாகியாக மாறும் முதல் படி தலைமைச் செயலகத்தில் இல்லை, ஒரு வட்டாரத்தில் இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டாரம் ஏரிப் பாசனமும் நெல்வயலுமான பகுதி. 73 ஊராட்சிகள் கொண்டது. இதைப் போன்ற ஒரு வட்டாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தின் உதவி மருத்துவராகச் சேர்பவர் காலையில் ஓ.பி. பார்ப்பார், பிரசவம் பார்ப்பார், வயலில் பாம்பு கடித்து வருபவருக்கு மருந்து ஏற்றுவார். சில ஆண்டுகளில் அவரே வட்டார மருத்துவ அலுவலர் ஆகலாம். ஊழியர்கள் பேச்சில் பி.எம்.ஓ. அன்று முதல் வட்டாரத்தின் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களும், துணை சுகாதார நிலையங்களும், கிராம சுகாதார செவிலியர்களும், சுகாதார ஆய்வாளர்களும் அவர் பொறுப்பு. ஓ.பி. அவரை விட்டுவிடுவதில்லை. மருத்துவர் பணியிடம் காலியாக இருந்தால் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டேதான் அறிக்கையிலும் கையெழுத்திட வேண்டும்.

இந்த மாற்றத்தில் முதலில் மாறுவது வேலையின் அளவுகோல். சிகிச்சை தரும் மருத்துவர் தன் முன்னால் வந்து உட்காருபவரைப் பார்க்கிறார். நிர்வாகியின் கவலையோ வராதவரைப் பற்றியது: எந்த ஊரில் கர்ப்பிணி இன்னும் பதிவு செய்யவில்லை, எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி விட்டுப்போனது, எந்தத் தெருவில் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே போகும் திட்டம் அது. மருந்துச் சீட்டு எழுதிய மருத்துவருக்கு வேலை அங்கே முடிந்துவிடும், பி.எம்.ஓ.வுக்கு இந்த மாதம் மாத்திரை போய்ச் சேராதவர்களின் பட்டியலிலிருந்துதான் வேலை ஆரம்பம். மருந்து வாங்குவதும் அப்படியே. 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒவ்வொரு நிலையத்துக்கும் பாஸ்புக் கொடுத்து, அதில் உள்ள தொகைக்குள் கிடங்கிலிருந்து மருந்து எடுக்கச் செய்கிறது. எதை எவ்வளவு எடுப்பது என்று கணக்கிடுவதும் உயிர் காக்கும் வேலைதான். ஆனால் அதற்காக வந்து கைகூப்பி நன்றி சொல்ல நோயாளி எவரும் இல்லை. நிர்வாகத்துக்கு வந்த மருத்துவர்கள் இழந்ததாக உணர்வது பெரும்பாலும் இதைத்தான். கைத்திறன் மங்கிவிடுமோ என்ற அச்சமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. மாலையில் சொந்த கிளினிக் வைத்திருந்தவருக்கு வருமானமும் குறைகிறது.

அடையாளச் சிக்கல் மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் தாய் மரண ஆய்வு. பிரசவத்தில் ஒரு பெண் இறந்தால், சிகிச்சை அளித்த மருத்துவர்களும் செவிலியர்களும் இறந்தவரின் குடும்பத்தாரும் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் நடந்ததை விளக்க வேண்டியிருக்கிறது. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு இரண்டு மணி நேரத்துக்குள் உயிரைப் பறித்துவிடும் என்பது மருத்துவராக பி.எம்.ஓ.வுக்குத் தெரியும், பணியில் இருந்த இளம் மருத்துவரின் பதற்றமும் புரியும். அலுவலராகவோ, மேல் மருத்துவமனைக்கு அனுப்ப ஏன் தாமதம், 108 ஆம்புலன்ஸ் எப்போது அழைக்கப்பட்டது, ரத்தம் இருந்ததா என்று அதே மருத்துவரிடம் கேட்க வேண்டும். சக மருத்துவர்கள் அவரை ‘மேலே போய்விட்டவர்’ என்று பார்க்கிறார்கள். ஆட்சியருக்கோ அவர் பதில் சொல்ல வேண்டிய துறை அதிகாரி. ஆனால் அந்தக் கேள்விகளைச் சரியாகக் கேட்க, ரத்தப்போக்கை நேரில் நிறுத்திய அனுபவம் வேண்டும். அந்த நாற்காலிக்கு மருத்துவர் தேவைப்படுவதன் வலுவான காரணம் இதுவே.

இந்தச் சிக்கல் எல்லோருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்துக்கெனத் தனி இயக்குநரகம் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பின் பெரும்பாலான மாநிலங்கள் மருத்துவத்தையும் பொது சுகாதாரத்தையும் ஒரே துறையாக்கியபோது இங்கே பிரிவு நீடித்தது. 1939ஆம் ஆண்டின் சென்னை பொது சுகாதாரச் சட்டம், குடிநீர், கழிவு, தொற்றுநோய் ஆகியவற்றில் சுகாதார அலுவலருக்கு நேரடி அதிகாரம் தந்தது. அந்தப் பணிக்குப் பொது சுகாதாரத்தில் தனிப் படிப்பும் வேண்டும். முன்பு டி.டி. (துணை இயக்குநர்) என்றும் இப்போது மாவட்ட சுகாதார அலுவலர் என்றும் அறியப்படுபவர் இந்த வரிசையில் வருபவர். நிர்வாகம் அவருக்குத் தொழிலின் தொடர்ச்சியாகவே இருக்கிறது. மருத்துவமனைப் பக்கம் நிலைமை வேறு. அறுவை சிகிச்சையிலோ குழந்தை மருத்துவத்திலோ பேர் பெற்றவர் பணிமூப்பு வந்ததும் டீன் அல்லது இணை இயக்குநர் ஆகிறார். டெண்டரும் ஒழுங்கு நடவடிக்கையும் அதன் பிறகுதான் கற்கப்படுகின்றன. நிர்வாகத்துக்குத் தனித் தகுதி வேண்டும் என்பது உத்திரமேரூருக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921இல் அங்கே வெட்டிய கல்வெட்டுகள் பிராமண சபையின் வாரியங்களுக்கு வயது, நிலம், கல்வி என்று வரையறுத்தன. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் விலக்கின. இன்றைய பணிமூப்பு முறை அவ்வளவுகூடக் கேட்பதில்லை.

இலங்கை இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையில் ஒரு பகுதி மக்கள் முழுவதற்கும் ஒரு மருத்துவ அதிகாரி பொறுப்பானார். பிற்காலத்தில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை மருத்துவ நிறுவனம் மருத்துவ நிர்வாகத்தை இதய மருத்துவம், மகப்பேறு போல ஒரு தனிச் சிறப்புத் துறையாகவே வைத்தது. பிரிட்டன் எதிர்த்திசையிலிருந்து வந்தது. 1983இல் பல்பொருள் அங்காடி நிறுவனத்தின் நிர்வாகியான ராய் கிரிஃபித்ஸ் தந்த அறிக்கையை ஏற்று தேசிய சுகாதார சேவையில் பொது மேலாளர்களை அமர்த்தியது; மருத்துவர்களை நிர்வாகத்துக்குள் ஈர்க்கும் முயற்சி அதன் பிறகே வளர்ந்தது. அமெரிக்க மருத்துவமனைகள் பற்றி அமண்டா குடால் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவர் தலைமை தாங்கியவை தரவரிசையில் மேலே இருந்தன. மருத்துவர் தலைமைதான் அதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை.

இந்தியாவில் 2017 தேசிய சுகாதாரக் கொள்கை எல்லா மாநிலங்களிலும் பொது சுகாதார மேலாண்மைப் பணிப்பிரிவு வேண்டும் என்றது. அதற்கான வழிகாட்டுதலை மத்திய அரசு 2022இல் வெளியிட்டது. தமிழ்நாடு நெடுங்காலமாகச் செய்துவருவதை நாடு முழுவதற்கும் விரிக்கும் யோசனை இது. ஆனால் அந்தக் கொள்கை செவிலியம், சமூகவியல், பொருளியல், மருத்துவமனை மேலாண்மை படித்தவர்களையும் பயிற்சியோடு இந்தப் பிரிவுக்குள் அழைக்கிறது. அது நடந்தால், மருத்துவப் பட்டம் மட்டுமே தரும் அதிகாரம் வட்டார அலுவலகத்தில் போதாது. ஓ.பி.யிலிருந்து வந்தவர், செலவு மதிப்பீட்டிலோ ஊழியர் மேலாண்மையிலோ தன்னைவிடத் தேர்ந்த ஒருவரோடு மேசையைப் பகிர வேண்டியிருக்கும்.