கெளுத்தி கடைசியில்தான்

தேங்காய்த்திட்டு வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ராத்திரி குடிக்கும்போது இல்லாத தலைவலி, போதை தெளிந்ததும் ஏன் வருகிறது? காலையில் ஒரு கட்டிங் போட்டால் ஏன் விடுகிறது?" கேள்வியின் பின்பாதி அனுபவத்தில் வந்தது. சுவாரசியமும் அதில்தான்.

உடம்பில் தண்ணீர் வற்றுவதால் என்பார்கள். கொஞ்சம் உண்மைதான். ஆனால் சொம்பு சொம்பாகக் குடித்தால் தாகம் அடங்கும், தலை அடங்காது. மது உடையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்பார்கள். தலைவலி உச்சத்தைத் தொடும்போது ரத்தத்தில் அது பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும்.

என் சந்தேகம் மெத்தனால் மேல். பழத்தின் பெக்டினிலிருந்து வருவதால் ஒயினிலும் அசல் பிராந்தியிலும் துளியூண்டு இருக்கும். போதை தரும் எத்தனாலையும் இந்த மெத்தனாலையும் கல்லீரலில் உடைப்பது ஒரே நொதி. துறைமுகத்தில் மீன் நறுக்கித் தரும் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். வஞ்சிரம் வந்துகொண்டிருக்கும்வரை கெளுத்திக் கூடையை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். எத்தனால்தான் வஞ்சிரம். அது தீர்ந்து, விடியற்காலையில் அரிவாள்மணையில் கெளுத்தியை வைக்கும்போது முள் குத்துகிறது: ஃபார்மால்டிஹைடு, பிறகு ஃபார்மிக் அமிலம். காலைக் கட்டிங் என்பது இன்னொரு கூடை வஞ்சிரம். அக்கா கெளுத்தியை ஒதுக்கிவைப்பார், வலி விடும். கூடை அங்கேயேதான் இருக்கும், நாறிக்கொண்டு.

வரலாறு வேண்டுமென்றால் ஒரு வரி: 1954இல் புதுச்சேரியை விட்டு பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள், பிராந்தி போகவில்லை. ஆனால் இன்று விற்கும் மலிவு பிராந்திகள் பலவும் கரும்பாலை மொலாசஸில் வடித்த ஸ்பிரிட்தான். அதில் கெளுத்தி குறைவு, தலைவலி மட்டும் குறையக் காணோம். ஆகவே மெத்தனால் ஒற்றைக் குற்றவாளி அல்ல. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இத்தகைய உபபொருள்கள் வோட்காவைவிட 37 மடங்கு கொண்ட போர்பன் விஸ்கி குடித்தவர்கள் மறுநாள் அதிகம் அவதிப்பட்டார்கள். கவனமும் வேகமும் மந்தமானதில் இரு தரப்பும் ஒன்றுதான்.

'ஹேங்ஓவர் போக்கும்' பொடி, மாத்திரை விளம்பரங்களை நம்பாதீர்கள். 2005இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் எட்டுப் பரிசோதனைகளை அலசியது. எதற்கும் உருப்படியான ஆதாரம் இல்லை.

துளி மெத்தனால் கதை இது. 2023 மே மாதம் மரக்காணத்திலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் விற்ற சாராயத்தில் கூடை கூடையாகக் கெளுத்தி. தலைவலியோடு பார்வையும் மங்கியது, பலர் செத்தார்கள். இதற்கு ஆஸ்பத்திரியில் எத்தனாலையே மருந்தாகக் கொடுப்பதுண்டு. இப்போது ஃபோமெபிசோலும் இருக்கிறது. அது அரிவாள்மணையை மறித்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குள் டயாலிசிஸ் கெளுத்தியை நறுக்காமலே கூடையோடு தூக்கிக்கொண்டு போய்விடும்.