அரிசிக்குள் ஒளிந்திருக்கும் வண்டு

மட்டாஞ்சேரிக் கடைத்தெரு கொச்சிக் காயலை ஒட்டி இருக்கிறது. அங்கே அரிசியும் சுக்கும் மஞ்சளும் வைக்கும் கிட்டங்கிகள் உண்டு. மூட்டை சுமப்பவர்களுக்கு ஒரு சிறிய வண்டை நன்றாகத் தெரியும். வீட்டில் அரிசி புடைக்கும் பெண்களுக்கும் தெரியும். அதுதான் அரிசிக் கூன்வண்டு.

இதை எப்படி அடையாளம் காண்பது?

ஒரு வண்டை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கடிக்குமோ என்று பயப்பட வேண்டாம். நீளம் சுமார் 3 மில்லிமீட்டர். நிறம் கரும்பழுப்பு. முதுகில் மங்கலாக 4 செம்மஞ்சள் புள்ளிகள் இருக்கும். தொட்டால் காலை மடக்கிச் செத்ததுபோல் கிடக்கும். தலையின் முன்னால் யானைத் துதிக்கை போல மூக்கு நீண்டிருக்கும். இதுவே முக்கிய அடையாளம். மாவில் ஊரும் சிவப்பு வண்டுக்கு இந்த மூக்கு இல்லை. சுக்கையும் மஞ்சளையும் துளைக்கும் வண்டுக்கும் இல்லை.

இந்தப் பேரினத்துக்கு அறிவியலில் சைட்டோபிலஸ் என்று பெயர். தானியத்தை விரும்புவது என்று பொருள். மக்காச்சோளக் கூன்வண்டும் இதே பேரினம்தான். இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

மூக்கு எதற்கு?

மூக்கின் நுனியில்தான் அதன் வாய் இருக்கிறது. பெண் வண்டு அதனால் அரிசியில் குழி தோண்டும். குழியில் ஒரு முட்டை இடும். பிசின் போன்ற பொருளால் குழியை மூடிவிடும். முட்டையிலிருந்து புழு வரும். அரிசியை உள்ளிருந்தே தின்று வளரும். சுமார் ஒரு மாதத்தில் வண்டாக மாறும். ஓட்டை போட்டு வெளியே வரும். அதுவரை அந்த அரிசி நல்ல அரிசி போலவே தெரியும்.

அதனால் ஒருமுறை புடைத்தால் போதாது. வெளியே இருக்கும் வண்டு போகும். உள்ளே இருக்கும் புழு போகாது.

என்ன செய்யலாம்?

வாரம் ஒருமுறை அரிசியைச் சலியுங்கள். ஒரு மாதம் விடாமல் செய்யுங்கள். சலித்த வண்டை வாசலில் கொட்டாதீர்கள். அதற்குப் பறக்கத் தெரியும், திரும்பி வரும். கொதிநீரில் போடுங்கள்.

ஈரம் இருந்தால் வண்டு பெருகும். ஜூன் மாதம் மழை தொடங்கும் முன்பே டின்னைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும். பழைய அரிசியின் மேல் புது அரிசியைக் கொட்டாதீர்கள்.

கிட்டங்கியில் வண்டைக் கொல்ல நச்சு மாத்திரை வைப்பார்கள். அதை ஒருபோதும் வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். அதிலிருந்து வரும் புகை மனிதரையும் கொல்லும். சல்லடையும் மூடி போட்ட டின்னும் போதும்.

ஒரு பிடி அரிசியும் நாம் உழைத்து வாங்கியது. அதை வண்டுக்கு விடலாமா?