தலைக்கவசத்தில் கேமரா பொருத்தலாமா?

சூரியநெல்லியிலிருந்து விடியலுக்கு முன்பே ஜீப்புகள் கொழுக்குமலைக்குப் புறப்படுகின்றன. ஏறத் தொடங்குமிடம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம்; சூரியோதயம் காணும் தேயிலைத் தோட்டமோ தமிழகத்தின் தேனி மாவட்டத்தில், ஏறத்தாழ 7,900 அடி உயரத்தில் உள்ளது. கற்கள் புடைத்த அப்பாதையில் இரு கைகளாலும் கம்பியைப் பற்றிக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் படமெடுக்க இயலாது. உடலில் பொருத்திக்கொள்ளும் ஆக்‌ஷன் கேமரா இத்தகைய பயணங்களுக்கென்றே உருவானது.

அதை எங்கே பொருத்துவது என்பதே முதற்கேள்வி. போடிமெட்டு வழியாக மோட்டார் சைக்கிளில் வருவோர் பலர் தலைக்கவசத்தையே நாடுகின்றனர். ஆனால், தலைக்கவசத்தில் கேமரா பொருத்துவது சட்டவிரோதம் என்று கேரள மோட்டார் வாகனத் துறை 2022 ஆகஸ்டில் அறிவித்தது. மீறுவோருக்கு 1,000 ரூபாய் அபராதம் உண்டு என்றும், ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் வரை நிறுத்திவைக்கப்படலாம் என்றும் அத்துறை அப்போது கூறியது.

இத்தடையில் நியாயம் உண்டு. கவசத்தின் மேற்பரப்பு வழவழப்பாக அமைவது அழகுக்காக அன்று. விழும்போது அது தரையில் சறுக்கிச் செல்ல வேண்டும். துருத்தி நிற்கும் கேமரா கல்லில் சிக்கினால் கழுத்து திருகப்படும். பரவ வேண்டிய அதிர்ச்சி ஒரே புள்ளியில் குவியும். கவசத்தைத் துளையிட்டுத் திருகாணி முடுக்குவது அதனினும் கேடு.

வாகனம் ஓட்டுவோர் மார்புப் பட்டையிலோ கைப்பிடிக் கம்பியிலோ பொருத்தலாம். மார்பு என் தேர்வு. கைகளும் கைப்பிடியும் காட்சியில் வருவதால் பயணத்தின் வேகம் புலப்படும். கைப்பிடியில் கேமராவுக்குப் பதிலாகக் கைப்பேசியை மாட்டுவது சிக்கனமன்று. மோட்டார் சைக்கிளின் தொடர் அதிர்வு ஐபோனின் கேமராவைப் பாதிக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்துள்ளது. மலையேற்றத்திலும் மார்புப் பட்டையோ தோள்பையின் வாரில் மாட்டும் கவ்வியோ போதும்.

வாங்கும்போது 4கே, 5கே என்னும் எண்களில் மயங்க வேண்டாம். அதிர்வு நீக்கும் திறன், மாற்றக்கூடிய பேட்டரி, நீர்புகா அமைப்பு ஆகியவையே முதன்மையானவை. நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி செலவாகும். 64 ஜிபி அட்டை ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. வி30 தரமுள்ள அட்டை, கூடுதல் பேட்டரி, பட்டை ஆகியவற்றையும் சேர்த்தே வரவுசெலவைத் திட்டமிடுங்கள். தவணையில் வாங்கினால் வட்டியையும் செயலாக்கக் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள்.

கொழுக்குமலையில் பலரை ஏமாற்றுவது இருள். சிறிய சென்சார் மங்கிய ஒளியில் திணறும். அதிர்வு நீக்கமும் அப்போது படத்தைக் குழப்பும். விடியும்வரை ஓடும் ஜீப்பில் பதிவு செய்யாமல், மேலே சென்றபின் கேமராவை அசையாத இடத்தில் நிறுத்தி, நொடிக்கு 60 சட்டகங்களுக்குப் பதில் 24 அல்லது 30 வைத்துப் பதியுங்கள். குளிரில் பேட்டரி விரைவில் தளரும். மாற்றுப் பேட்டரியைச் சட்டையின் உட்பையில் வைத்தால் உடற்சூடு காக்கும். அறைக்குத் திரும்பியதும் கேமராவை உடனே வெளியே எடுத்தால் லென்ஸில் நீர்த்திவலை படியும். பையிலேயே அரைமணி நேரம் விட்டுவிடலாம்.

புறப்படுமுன் வீட்டு வாசலிலேயே ஐந்து நிமிடம் பதிவுசெய்து பாருங்கள். மார்பில் மாட்டிய கேமரா, இருக்கையில் அமர்ந்ததும் பெரும்பாலும் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்துவிடும்.