முகமூடி வீரனும் 20 கோடி டாலரும்

அமெரிக்க வெஸ்டர்ன் கதை வீரர்களில் புகழ்பெற்ற 'லோன் ரேஞ்சர்' பிறந்தது சினிமாவில் அல்ல, வானொலியில்தான். 1933-ல் டெட்ராய்ட் நகர நிலையம் ஒன்றில் அவர் குரல் முதலில் ஒலித்தது. கறுப்பு முகமூடி, வெள்ளைக் குதிரை, துணைக்குச் செவ்விந்தியத் தோழன் டோன்டோ. 1949-ல் தொலைக்காட்சிக்கு வந்தபோது கிளேட்டன் மூர் அந்த முகமூடியை அணிந்தார்.

1981-ல் புதிய படம் வந்தது. அதற்கு முன்பே, பொது இடங்களில் மூர் முகமூடி அணியக் கூடாது என்று அந்தப் பாத்திரத்தின் உரிமையாளர்கள் நீதிமன்றத் தடை வாங்கியிருந்தார்கள். வயதான மனிதர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ரசிகர்களைச் சந்தித்தார். ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? படம் படுத்துவிட்டது.

2013-ல் டிஸ்னி 20 கோடி டாலருக்கு மேல் கொட்டி மறுபடி எடுத்தது. டோன்டோவாக ஜானி டெப். தலையில் செத்த காக்கை! செவ்விந்தியர் வேடத்துக்குச் செவ்விந்தியர் கிடைக்கவில்லையா என்று படம் வரும் முன்பே கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான், பழைய தொடரில் அந்த வேடத்தில் நடித்த ஜே சில்வர்ஹீல்ஸ் மோஹாக் இனத்தவர். உலக வசூல் சுமார் 26 கோடி டாலர். தியேட்டர் பங்கு, விளம்பரச் செலவு போக, டிஸ்னிக்குப் பெருநஷ்டம்.

ஆனால் வெஸ்டர்ன் படம் என்றாலே நஷ்டம் என்றில்லை. ஜான் வெய்னுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த 'ட்ரூ கிரிட்' என்ற வெஸ்டர்ன் கதையை, கோயன் சகோதரர்கள் 2010-ல் சுமார் 4 கோடி டாலரில் மறுபடி எடுத்தார்கள். அமெரிக்காவில் மட்டும் 17 கோடி டாலர் வசூலானது.