அமெரிக்காவில் விலை விழுந்தது. தோட்டத்தில் அடுப்பு அணைந்தது

"விலை விழுந்த வருஷத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்" என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எப்போதாவது சொல்லக் கேட்டதுண்டா? என் பாட்டி அடிக்கடி சொல்வார். புக்கிட் ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, அங்கேயே பேரப்பிள்ளைகளைக் கண்டவர். எந்த விலை, எங்கே விழுந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அன்று பேரேட்டில் பெயரை அடித்த கிராணிக்கும் முழுதாகத் தெரிந்திருக்குமோ என்னவோ!

விழுந்தது கித்தா விலை. அதை விழ வைத்தது அமெரிக்கா. பள்ளிக்கூடத்தில் அமெரிக்க சரித்திரம் என்றால் வாஷிங்டன், லிங்கன் என்று இரண்டு பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் அந்தத் தேசத்தின் சரித்திரத்தில் ஒரு இருபது வருஷம் நம்முடைய லயத்து வாசலிலேயே நடந்தது என்றால் நம்புவீர்களா?

நம் மலாக்காவிலிருந்தே தொடங்குவோம். 1896-ல் டான் சே யான் என்ற மலாக்கா சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வியாபாரத்திற்காக வைத்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுதான். அப்போது அவரைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். 1908-ல் ஹென்றி போர்டு என்ற அமெரிக்கர் சாதாரண மனிதனும் வாங்கக்கூடிய மோட்டார் வண்டியை விற்பனைக்கு விட்டார். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. வண்டிக்குச் சக்கரம் வேண்டும், சக்கரத்துக்கு டயர் வேண்டும், டயருக்குப் பால் வேண்டும். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வடஆற்காடு கிராமங்களிலிருந்து கங்காணிமார் நம் முன்னோரைக் கப்பலேற்றியது இந்தப் பாலுக்காகத்தான். 1920களில் உலகத்தில் விளைந்த ரப்பரில் பாதிக்கும் மேல் அமெரிக்காதான் வாங்கிக்கொண்டிருந்தது.

ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கடை வைத்தவன் கதி என்ன? முதல் உலகப் போர் முடிந்து 1920-ல் ஒரு மந்தம் வந்தது. விலையைத் தூக்கி நிறுத்த ஆங்கிலேயர்கள் 1922-ல் ஸ்டீவன்சன் திட்டம் கொண்டுவந்து, ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினார்கள். 1925-ல் ஒரு ராத்தல் ரப்பர் ஒரு வெள்ளிக்கும் மேல் போயிற்று. துரைமாருக்குக் கொண்டாட்டம். அமெரிக்காவுக்கோ ஆத்திரம். அங்கே வர்த்தக மந்திரியாக இருந்த ஹெர்பர்ட் ஹூவர், "எங்கள் கையை முறுக்குகிறார்கள்" என்கிற பாவனையில் எதிர்த்து நின்றார். பயர்ஸ்டோன் கம்பெனி 1926-ல் லைபீரியாவில் சொந்தத் தோட்டம் போடப் போயிற்று. போர்டு கம்பெனி பிரேசில் காட்டுக்குள் போய், இலை நோயில் மாட்டிக்கொண்டு கைசுட்டுத் திரும்பியது. 1928-ல் ஸ்டீவன்சன் திட்டமும் கைவிடப்பட்டது. ஹூவர் என்ற பெயரை நினைவில் வையுங்கள்; 1929-ல் அவர் ஜனாதிபதி ஆகிறார்.

அந்த 1929-ம் வருஷம் அக்டோபர் மாதக் கடைசியில், நியூயார்க் நகரத்தின் வால் ஸ்ட்ரீட் பங்குச் சந்தை சரிந்தது. கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்கள் ஒரு வாரத்தில் ஓட்டாண்டியானார்கள். பிறகு பாங்கிகள் மூடின, தொழிற்சாலைகள் மூடின. 1933-ல் அமெரிக்கத் தொழிலாளர்களில் நாலு பேருக்கு ஒருவர் வேலையில்லாமல் நின்றார். இலவச ரொட்டிக்கும் சூப்புக்கும் வரிசை. வீடிழந்தவர்கள் தகரத்தையும் அட்டைப் பெட்டியையும் வைத்துக் குடிசை போட்டார்கள். அந்தக் குடிசைப் பேட்டைகளுக்கு ஜனங்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ஹூவர்வில்' - ஹூவர் பட்டணம்! ஜனாதிபதியை இதைவிட அழகாகத் திட்ட முடியுமா?

சரி, அவர்கள் கஷ்டம் நமக்கு எப்படி வந்தது? 1929-ல் அமெரிக்கா ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மோட்டார் வண்டிகளைச் செய்தது. 1932-ல் செய்தது பதின்மூன்று லட்சம் போல. வண்டி இல்லை என்றால் டயர் இல்லை. 1929-ல் ராத்தலுக்கு முப்பது காசுக்கு மேல் விற்ற ரப்பர், 1932-ல் ஏழு காசுக்கு வந்து, ஒரு கட்டத்தில் ஐந்து காசுக்கும் கீழே போயிற்று.

பிரட்டுக்களத்தில் அன்று என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆணுக்கு ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது காசு என்றிருந்த நாள் சம்பளம் வெட்டப்பட்டது, மறுபடியும் வெட்டப்பட்டது, முப்பது காசுக்கும் கீழே போன தோட்டங்கள் உண்டு. பல தோட்டங்களில் வெட்டே நின்றது. 1930-ல் ஊரிலிருந்து ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். இருக்கிறவர்களையே என்ன செய்வது? கப்பலேற்று! முதலாளிமாரிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்த இந்தியர் குடியேற்ற நிதியிலிருந்து பயணச் செலவு கொடுக்கப்பட்டது. 1930-லிருந்து 1932-க்குள் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தொழிலாளர்கள் இப்படித் திரும்பிப் போனார்கள்.

பாட்டியின் சித்தப்பா அவர்களில் ஒருவர். பாட்டிக்கு அப்போது ஏழு வயது. அண்ணன் பெயர் பேரேட்டில் நின்றது, தம்பி பெயர் அடிபட்டது. அண்ணனுக்குப் பெண்டாட்டியும் வெட்டுக்காரி, தம்பி தனிக்கட்டை. அவ்வளவுதான் கணக்கு. லாரி புறப்படும்போது சித்தப்பா தன் பித்தளைச் செம்பை அண்ணியிடம் கொடுத்து, "அடுத்த வருஷம் வந்து வாங்கிக்கிறேன் அண்ணி" என்றாராம்.

போனவர்களுக்கு ஊரில் என்ன காத்திருந்தது? தஞ்சாவூரிலும் நெல் விலை பாதியாகச் சரிந்திருந்தது. உலகம் முழுவதும் ஒரே காற்றுதான் அடித்தது. 1934-ல் சர்வதேச ரப்பர்க் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் வந்து விலை கொஞ்சம் தேறியதும், மறுபடியும் ஆள் கேட்டார்கள். போனவர்களில் பலர் மறுபடியும் கப்பலேறினார்கள். 1938-ல் இந்திய அரசாங்கம் அந்த வழியை அடைத்தது. அதற்குள் வர முடியாதவர்களுக்கு ஆட்களோடு சேர்ந்து வரும் அந்தப் பழைய பாதை இல்லாமல் போயிற்று.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதே வருஷங்களில் அமெரிக்காவும் தன் கூலிக்காரர்களை இப்படித்தான் அனுப்பியது. கலிபோர்னியாவின் பழத்தோட்டங்களிலும் காய்கறி வயல்களிலும் முதுகொடிந்து வேலை செய்த மெக்சிக்கர்களை, "எங்கள் ஜனங்களுக்கே வேலை இல்லை" என்று ரயிலேற்றி எல்லைக்கு அப்பால் விட்டார்கள். அப்படிப் போனவர்கள் பல லட்சம். அவர்களில் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த பிள்ளைகளும் ஏராளம். நம்மவர்களுக்குக் கப்பல், அவர்களுக்கு ரயில். கலிபோர்னியா மாநிலம் 2005-ல் சட்டமியற்றி இதற்கு மன்னிப்புக் கேட்டது. நம் லாரியும் கப்பலும் எந்தச் சட்டப் புத்தகத்திலாவது ஏறியதா? நான் பார்த்ததில்லை.

அடுத்தது போர். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ஒரே சமயத்தில் அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தையும் நம் கோத்தா பாருவையும் தாக்கினான். அடுத்த மாதமே மலாக்கா அவன் கையில். அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த ரப்பரில் பெரும்பகுதி ஒரேயடியாக நின்றது. பத்து வருஷத்துக்கு முன் ஐந்து காசுக்குக்கூட வேண்டாம் என்ற பொருளுக்கு இப்போது அங்கே தவம் கிடந்தார்கள். 1942 ஜூனில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், வீட்டிலுள்ள பழைய டயர், மழைக்கோட்டு, தண்ணீர்க் குழாய், ரப்பர்ச் செருப்பு எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுங்கள் என்று ரேடியோவில் கேட்டார். ராத்தலுக்கு ஒரு சென்ட் கொடுத்து வாங்கினார்கள். டயர் தேயக்கூடாதென்று பெட்ரோலுக்குக்கூடப் பங்கீடு!

இந்தப் பக்கம் கித்தாக்காடு கேட்பாரற்று நின்றது. மரத்தில் பால் இருந்தது; வாங்க ஆளில்லை. அரிசி இல்லாமல் ஜனங்கள் மரவள்ளிக்கிழங்கில் உயிர் வைத்திருந்தார்கள். வேலையற்று நின்ற நம்மவர்களைத்தான் ஜப்பான்காரன் சயாமுக்கு ஓட்டிச் சென்றான். 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. அதற்குப் பலியான ஆசியத் தொழிலாளர்கள் பல்லாயிரம். அவர்களில் பெருந்தொகையினர் மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள். இதைப் பற்றி நம் பத்திரிகைகள் நிறைய எழுதியிருக்கின்றன. உங்கள் குடும்பத்திலும் ஒருவர் போயிருப்பார். நான் நீட்டவில்லை.

போருக்குள்ளேயே அமெரிக்கா எண்ணெயிலிருந்து செயற்கை ரப்பர் செய்யக் கற்றுக்கொண்டது. சமாதானம் வந்தபோது நம் பாலுக்கு ஒரு பங்காளி முளைத்திருந்தான். இருந்தும் 1950-ல் கொரியப் போர் மூண்டு, ரப்பர் ராத்தல் இரண்டு வெள்ளியைத் தாண்டியது. அந்த வருஷத்துத் தீபாவளிக்குத்தான் பாட்டி முதன்முதலாகப் பட்டுச் சேலை கட்டினாராம். எங்கோ பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் அழுதுகொண்டிருக்க, இங்கே நமக்குப் பட்டு. பாட்டியிடம் இதைச் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

சித்தப்பாவிடமிருந்து 1941 வரை கடிதம் வந்துகொண்டிருந்தது. கடைசிக் கடிதத்திலும் வருகிறேன் என்றுதான் எழுதியிருந்தாராம். பிறகு போர் வந்தது. லயம் மாறியதில் கடிதங்கள் தொலைந்தன. ஊர்ப் பெயர் மறந்து, ஜில்லா மட்டும் நினைவில் நின்றது. செம்பு இருக்கிறது. அடிப்பக்கம் பெயர் வெட்டியிருந்த இடம் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மழுங்கி, இப்போது 'மு' என்ற முதல் எழுத்து மட்டும் தெரிகிறது. முத்துவா, முனியனா, முருகேசனா என்று பாட்டியிடம் கேட்டேன். "சித்தப்பான்னுதானே கூப்பிட்டேன்" என்றார்.